ஒரு திறப்புச் செய்ய நான்கு நாள்

சென்ற வாரம் எங்கள் காரின் ரிமோட் திறப்பு செத்துப்போனது. எத்தனை தரம் அழுத்தியும் கதவு அசையவில்லை. திருகோணமலை நகரில் இப்போது இதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் லப்டொப்பைக் காரின் முன் இருக்கையில் வைத்தார். ஒரு வயரைச் செருகினார். புதுத் திறப்பைப் பக்கத்தில் பிடித்தார்... பதினைந்து நிமிடம். நான் கையில் வைத்திருந்த சோடா பாதிகூட முடியவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான் அன்ரி. வேற என்ன இருக்கு?"

வேறு என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் உங்களிடம் சொல்லலாம்தானே — வாரா வாரம் இந்தப் பத்தியில் என் கதையைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள்.

இதே ஊரில், யுத்தம் மறுபடி மூண்ட ஆண்டுகளில், இதே போல ஒரு திறப்புச் செய்ய எனக்கு நான்கு நாள் எடுத்தது.

என் கணவர் யோகன் கணித ஆசிரியர். சிறு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோலோடு நடப்பார், ஆனால் அதிக தூரம் ஏலாது. நாங்கள் ஓர்ஸ் ஹில்லில் இருந்தோம், அவர் படிப்பித்தது சில மைல் தள்ளி, சாம்பல்தீவில். அதற்காகத்தான் அந்தக் காரை வாங்கினோம். ஜப்பானில் ஓடி, இங்கே ஒரு டொக்டரிடம் ஓடி, பிறகு எங்களிடம் வந்த ஓட்டோமெற்றிக் கார். கியர், கிளச் ஒன்றும் இல்லை. வலது கால் ஒன்று போதும். அந்தக் காரின் சில்லுகள் சுற்றும்வரை என் கணவர் எவருக்கும் குறைந்தவரில்லை.

டொக்டர் ஒரேயொரு திறப்புத்தான் தந்தார். மற்றதைத் தேடி அனுப்புவதாகச் சொன்னவர் வெளிநாடு போய்விட்டார். நாங்களும் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு காருக்கு எத்தனை திறப்பு வேண்டும்?

ஒரு சனிக்கிழமை காலை. உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. யோகனின் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். அவர்களுக்கு மாதிரி வினாத்தாள் பிரதி எடுக்க நகருக்குப் போனோம். அவர் போட்டோக்கொப்பிக் கடைக்குள் இருந்தார். காரில் விட்டு வந்த ஒரு தாளை எடுக்க நான் திரும்பிப் போனேன். எடுத்தேன், கதவைச் சாத்தினேன், பொத்தானை அழுத்திப் பூட்டினேன். திறப்பு கையில்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். இரண்டு தெரு தள்ளி, கிரனேட். பிறகு வேட்டுகள்.

ஓடினோம். எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். கடைகளின் இரும்புக் கதவுகள் கடகடவென்று இறங்கின. யாரோ என்னை இழுத்து ஒரு புடவைக் கடைக்குள் தள்ளினார்கள். அங்கே துணிக்கட்டுகளுக்கு நடுவில் முப்பது பேர் மூச்சுவிடாமல் குந்தியிருந்தோம். சத்தம் ஓய்ந்த பிறகு என் கையைப் பார்த்தேன். வினாத்தாள் இருந்தது, கசங்கி. திறப்பு இல்லை.

தேடினேன். தேடுவதற்கு எங்கே நேரம் தந்தார்கள்? வீதியின் ஓரம் முழுக்கக் கொங்கிறீட் மூடி போட்ட வாய்க்கால், இடைக்கிடை உடைந்த ஓட்டைகள். அதற்குள் ஒன்று விழுந்தால் கடலில்தான் எடுக்கலாம். அதற்குள் பொலிஸ் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியோடு வந்துவிட்டது: வாகனங்களின் சொந்தக்காரர்கள் உடனே எடுத்துக்கொண்டு போகவும்.

ஒவ்வொன்றாகப் போயின. மோட்டார் சைக்கிள்கள், ஒரு லொறி, இரண்டு வான். கடைசியில் அந்த நீண்ட வீதியில் ஒரேயொரு வாகனம் நின்றது. எங்களுடையது.

அந்த நாட்களில் ஆளில்லாமல் நிற்கும் கார் என்றால் என்ன பொருள் என்று உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன் — அது கார் இல்லை. குண்டு. வந்து பார்ப்பார்கள், கயிறு கட்டுவார்கள், சந்தேகம் தீராவிட்டால் தாங்களே வெடிக்க வைத்துவிடுவார்கள். கயிறு கட்டத் தொடங்கியும் விட்டார்கள்.

யோகன் கடையிலிருந்து வெளியே வந்தார். நான் அழுதுகொண்டே விசயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனார். பொலிஸ்காரர் ஒருவர் கத்தினார். இவர் தன் அடையாள அட்டையைத் தலைக்கு மேலே பிடித்தபடி, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "என்னுடைய கார், என்னுடைய கார்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். காரடிக்குப் போய் அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"ரஸீனைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார் என்னிடம், சத்தத்தை உயர்த்தாமல். "நான் நிக்கிறன். ஆள் சாய்ஞ்சு நிக்கேக்க அவையள் ஒண்டும் செய்ய மாட்டினம்."

ரஸீன் எங்கள் மெக்கானிக். உட்துறைமுகப் பக்கம் சின்னக் கராஜ். அங்கே போய், அவரைப் பிடித்து, திரும்பி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. வரும்போது யோகன் அதே இடத்தில் அப்படியே நின்றார். சட்டை முழுக்க வியர்வை. வெயிலில் வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது தூரத்திலேயே தெரிந்தது. அவரிலிருந்து ஐம்பது யார் தூரம் தள்ளி, கயிற்றுக்குப் பின்னால் நின்ற பொலிஸ்காரர்களும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரஸீன் மெல்லிய இரும்புத் தகடொன்றைக் கண்ணாடி இடுக்கால் விட்டுக் கதவைத் திறந்தார். டிக்கி, இருக்கைக்குக் கீழே, பொனெற் — எல்லாம் திறந்து காட்டினார். பொலிஸார் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். பிறகு முன் சில்லுகளைத் தூக்கிக் கட்டி, ஒரு ட்ராக்டரில் ஓர்ஸ் ஹில்லுக்கு இழுத்து வந்தோம்.

ஞாயிறு காலை ரஸீன் வந்து காரைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இதுதான். திறப்பின் இரும்பை யாரும் வெட்டலாம். ஆனால் அதன் தலைக்குள்ளே அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறது. அதைக் காரின் பெட்டி அடையாளம் கண்டால்தான் எஞ்சின் பிடிக்கும். புதுச் சிப்பை அந்தப் பெட்டிக்குப் பழக்க வேண்டும். அதற்கான மெசின் கொழும்பில்தான்.

"அவையளை இஞ்ச வரச்சொல்ல ஏலாதா?" என்று கேட்டேன்.

அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். திருகோணமலை என்றதும் தொலைபேசியை வைத்துவிட்டார்களாம்.

"கார் போகத் தேவையில்ல மிஸ். பெட்டி போனாக் காணும்," என்றார் ரஸீன். அன்று மத்தியானமே டாஷ்போட்டுக்குக் கீழே படுத்து அதைக் கழற்றித் தந்தார். அலுமினியப் பெட்டி. ஒரு பாடப்புத்தகம் அளவு. ஒரு பக்கத்தில் பித்தளை ஊசிகள் வரிசையாக. பக்கத்தில் ஒரு கட்டு வயர், நுனியில் திறப்புப் போடும் உருளை.

அதைக் குசினி மேசையில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். வயர். ஊசி. மூடிய பெட்டி. இதை ஒரு தமிழர் பையில் போட்டுக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறுவதா? இதைவிடச் சந்தேகமான ஒரு சாமானை, வேண்டுமென்று செய்யச் சொன்னாலும் யாரும் செய்ய முடியாது.

யோகன் தான் போவதாகச் சொன்னார். ஏலாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒவ்வொரு செக்பொயின்றிலும் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும். அதோடு அந்த வயது ஆண், அந்தப் பெட்டியோடு...

"அப்ப ஒருத்தரும் போக வேண்டாம்," என்றார். "பிள்ளையள் இஞ்ச வரட்டும். வீட்டில படிப்பிக்கிறன்."

"சாம்பல்தீவில இருந்து எந்தத் தாய் பிள்ளையை இஞ்சால அனுப்புவா? நீங்கள் எண்டால் அனுப்புவீங்களே?"

ஓட்டோவில் போகலாமா என்றும் பார்த்தோம். அந்த வாரங்களில் ஓட்டோக்களை அந்த வீதிச் செக்பொயின்றைத் தாண்ட விடவில்லை. இறங்கி, மணலில் கால் மைல் நடந்து, அந்தப் பக்கம் வேறொன்று பிடிக்க வேண்டும். இந்தக் காலோடு தினமும் இரண்டு தரம்?

"நான் போறன்," என்றேன். தொலைத்தது நான்தானே.

திங்கள் முழுதும் பொலிஸ் நிலையத்தில் போனது. பெட்டியை மேசையில் வைத்து, காரின் புத்தகத்தைக் காட்டி, இன்ன பெட்டி, இன்ன உருளை, இன்ன காரின் பாகம் என்று சிங்களத்தில் ஒரு கடிதம், அதில் முத்திரை. ஒருவர் எழுத, ஒருவர் பார்க்க, ஒருவர் கையெழுத்திட... பின்னேரம் ஆகிவிட்டது. ஆனாலும் தந்தார்கள். செவ்வாய் காலை புறப்பட்டேன்.

போகும்போது பெரிய தொல்லை இல்லை. நான்கு இடத்தில் இறங்கினோம், நான்கு இடத்திலும் கடிதத்தை நீட்டினேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்கள். என்னோடு வேலை செய்த ஒருவரின் தங்கை கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தார். அன்று பின்னேரமே என்னைக் கூட்டிக்கொண்டு பொலிஸில் போய், இந்த வீட்டில் இன்னார் வந்து தங்குகிறார் என்று பதிந்தார். அதுவும் அப்போது ஒரு சடங்கு.

புதன்கிழமை பஞ்சிகாவத்தையில், ரஸீன் சொல்லியிருந்த நிமல் என்பவரின் கடை. ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை செய்தார். பெட்டியைத் திறந்து, மேசையிலேயே மின்சாரம் கொடுத்து, ஒரு புதுத் திறப்பைப் பழக்கினார். இரண்டு மணித்தியாலம். நான் கடை வாசலில் ஒரு கதிரையில் இருந்தேன். முடிந்ததும் அழைத்தார். திறப்பைப் போட்டுத் திருப்பினார். பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் நிலையாக எரிந்தது. திறப்பில் இருந்த பொத்தானையும் அழுத்திக் காட்டினார். அதில் சின்னச் சிவப்பு வெளிச்சம் மின்னியது. கதவுக்குத்தான் பற்றரி தேவை, எஞ்சின் பிடிக்கத் தேவையில்லை என்று ஆங்கிலமும் சிங்களமும் கலந்து விளக்கினார்.

பிறகு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

என் கடிதத்தை வாங்கிப் படித்தார். அதில் பெட்டி இருந்தது, உருளை இருந்தது. ரிமோட் இல்லை. இருக்காதுதானே — போகும்போது ரிமோட் எங்கே இருந்தது? நான் அதை யோசிக்கவே இல்லை. பொலிஸும் யோசிக்கவில்லை.

நிமல் தன் கடைத் தாளில் நான்கு வரி எழுதித் தந்தார். தந்துவிட்டு மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, சிங்களத்தில் சொன்னார்: பையின் அடியில் வைக்காதீர்கள். அவர்கள் கண்டுபிடிக்கக் கூடாது. நீங்களே காட்டுங்கள்.

வியாழன் காலை திருகோணமலை பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு தமிழ் அம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழும்பில் கண் காட்டிவிட்டு வருகிறாராம். குருநாகல் தாண்டுவதற்குள் குடும்பக் கதை முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரு பையிலிருந்து பகோடாவும் தந்தார். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக நான் சிரித்தேன்.

ஹபரணைக்குப் பிறகு பஸ்ஸின் வானொலியில் செய்தி. அன்று காலை வேறோர் இடத்தில், வீதியோரம் கிளைமோர் வெடித்து இராணுவத்தினர் சிலர் இறந்திருந்தார்கள். சாரதி வானொலியை நிறுத்திவிட்டார்.

கிளைமோர் எப்படி வெடிக்கிறது என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். தூரத்தில் ஒருவர் நின்று ஒரு பொத்தானை அழுத்துகிறார்.

என் கைப்பைக்குள் ஒரு பொத்தான் இருந்தது.

எறிந்துவிடலாமா? அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஜன்னல் திறந்துதான் இருந்தது. காட்டுக்குள் ஒரு வீச்சு, முடிந்தது. ஆனால் அந்த வெயிலில் காரில் முதுகைச் சாய்த்து நின்ற மனிதர் கண்ணுக்குள் வந்தார். பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். திறப்பைக் கைப்பையிலிருந்து எடுத்து, கடிதங்களோடு சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

கந்தளாய்க்கு இப்பால் செக்பொயின்ற். வேளை இரண்டு மணி இருக்கும். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. அவர்கள் கேட்க முன்னம் நானே பெட்டியை மேசையில் வைத்தேன், கடிதத்தை வைத்தேன், அதன் மேல் ரிமோட்டை வைத்தேன்.

அந்தச் சிப்பாய் ரிமோட்டைப் பார்த்தார். கையை எடுத்தார் — தொடக்கூட இல்லை. இரண்டடி பின்னால் போனார். போனபடியே ஏதோ சத்தமாகச் சொன்னார்.

அடுத்த நிமிடத்தில் வரிசை கலைந்தது. பயணிகளை வீதியின் மறு கரைக்கு, மரங்களுக்குக் கீழே ஓட்டினார்கள். பஸ்ஸை நூறு யார் தூரம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்கள். ஒரு பெண் சிப்பாய் என்னை மட்டும் ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், உடம்பு முழுக்கத் தடவிச் சோதித்தார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. மத்தியான வெயிலில், குளிர்ந்த விரல்கள்.

ஓர் அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கலாம். இரண்டு கடிதங்களையும் வாசித்தார். பொலிஸ் கடிதத்தில் ரிமோட் இல்லையே என்றார். நான் என் உடைந்த சிங்களத்தில் சொன்னேன்: திறப்பு தொலைந்தது, இது புதுசு, கடிதம் எழுதும்போது இது இல்லை. எனக்கே அது பொய் போலக் கேட்டது.

எங்கே கார் என்று கேட்டார். ஓர்ஸ் ஹில் என்றேன். எங்கே வேலை? சொன்னேன். கணவர்? சொன்னேன். காரில்லாமல் ஏன் திறப்பு? பெட்டியைக் காட்டினேன். மறுபடி முதலிலிருந்து. மூன்று தரம்.

பிறகு அவர் ரிமோட்டை இரண்டு விரலால் தூக்கி, என் உள்ளங்கையில் வைத்தார். வீதியின் நடுவைக் காட்டினார். போய் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார்கள். அதிகாரியின் தொப்பியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"அமத்துங்க," என்றார், தமிழில்.

நினைத்துப் பாருங்கள். அந்தத் திறப்பு வேலை செய்யும் கார் இருபது மைலுக்கு அப்பால், மூளையைக் கழற்றிய நிலையில் நிற்கிறது. இந்தப் பொத்தானால் இந்த உலகில் அசையக்கூடிய ஒரு பொருளும் இல்லை. எனக்கு அது தெரியும். என் விரலுக்குத் தெரியவில்லை.

நிமல் நல்லவர். ஆனால் நிமல் யார்? இரண்டு மணித்தியாலம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும், உள்ளே என்ன வைத்தார் என்று நான் கண்டேனா? வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நிமிடத்தில் அப்படியும் நினைத்தேன். எனக்கு நல்லது செய்த மனிதரை!

"அமத்துங்க."

அழுத்தினேன். சிவப்பு வெளிச்சம் மின்னியது. அவ்வளவுதான்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அதிகாரி மறைவிலிருந்து வெளியே வரவில்லை. வோக்கிடோக்கியைக் காதோடு வைத்துக்கொண்டு கையால் என்னை அங்கேயே நிற்கச் சொன்னார். ஏன் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இங்கே வெடிக்கவில்லை, சரி. வேறெங்கும் வெடித்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மாவட்டத்தில், அந்த நாட்களில், எங்காவது ஏதாவது வெடிக்காத பின்னேரம் எத்தனை? எங்கோ ஒரு மிதிவெடியில் மாடு ஒன்று காலை வைத்தாலும் போதும். நேவியின் படகிலிருந்து யாராவது கடலுக்குள் குண்டு போட்டாலும் போதும். என் விரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கு நான் விளங்கப்படுத்துவது, எந்தச் சிங்களத்தில்?

என் வாழ்க்கையில் நான் அப்படிக் கும்பிட்டதில்லை. நல்லது நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்றும் நடக்க வேண்டாம் என்று கேட்டேன். வெருகலிலிருந்து நிலாவெளி வரைக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுமே நடக்க வேண்டாம்.

ஒன்றும் நடக்கவில்லை.

அதிகாரி எழுந்து வந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அவர் சட்டையும் நனைந்திருந்தது. சின்னக் கத்தியொன்றால் ரிமோட்டைப் பிளந்து, உள்ளே இருந்த காசு போன்ற பற்றரியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டார். மூடிவிட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். என் பெயரை ஒரு புத்தகத்தில் எழுதினார்கள். கையெழுத்து வைத்தேன். அது என் கையெழுத்துப் போலவே இல்லை.

பஸ் நின்றது. விட்டுவிட்டுப் போகவில்லை, அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும். ஏறினேன். என் இருக்கை காலியாக இருந்தது. பக்கத்து இருக்கையும் காலி. பகோடா தந்த அம்மா பின்னால் நான்காவது வரிசைக்குப் போயிருந்தார். நிற்க இடமில்லாத பஸ்ஸில், எனக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இருக்கை ஊர்வரைக்கும் வெறுமையாக வந்தது.

நகருக்குள் நுழையும்போது மணி நான்கு. துறைமுகப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது.

பெரிய சத்தம். பஸ்ஸின் கண்ணாடிகள் அதிர்ந்தன.

நாற்பது முகங்கள் திரும்பின. சத்தம் வந்த பக்கம் அல்ல — என் பக்கம். சாரதி, கொண்டக்டர், குழந்தைகள், எல்லோரும். இரண்டு கைகளையும் மெல்ல மேலே எடுத்து, முன் இருக்கையின் கம்பியில், எல்லோருக்கும் தெரியும்படி விரித்து வைத்தேன். பஸ் நிற்கும்வரை எடுக்கவில்லை.

ஒன்றரை மணித்தியாலம். அந்தச் சத்தம் ஒன்றரை மணித்தியாலம் முந்தியிருந்தால்? பல வருடம் எனக்கு அந்தக் கணக்கு விட்டுப்போகவில்லை.

பஸ் நிலையத்தில் இறங்கும்போது அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"பிழையா நினைக்காதேங்கோ பிள்ளை," என்றார். "எனக்கு மூண்டு பிள்ளையள்."

நான் ஏன் பிழையாக நினைக்கப் போகிறேன்? நானே நிமலைப் பற்றி என்ன நினைத்தேன்? பயம் வந்தால் மனிதர் கெட்டவராவதில்லை. கொஞ்சம் தள்ளி இருந்துகொள்வார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்சத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு எத்தனை வருடம் எடுத்தது... இன்னும் எடுக்கிறதோ என்னவோ.

யோகன் கேற்றடியில் நின்றார். சத்தம் கேட்டதிலிருந்து அங்கேயே நிற்கிறாராம். ரஸீன் காத்திருந்து, இருட்ட முன்னம் பெட்டியைப் பூட்டிவிட்டார். யோகன் ஏறி இருந்து திறப்பைப் போட்டார். ஒரு தரம் திருப்பினார். பிடிக்கவில்லை. என் உயிர் போய் வந்தது. ரஸீன் வயரொன்றை அழுத்திவிட்டு மறுபடி போடச் சொன்னார்.

பிடித்தது.

அந்தச் சத்தத்தைப் போல ஓர் அழகான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. யோகன் எஞ்சினை நிறுத்தவேயில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை சாம்பல்தீவுக்குப் போனார். அன்றிலிருந்து பரீட்சை வரை ஒரு நாள் தவறவில்லை. பதினொருவரில் ஒன்பது பேர் கணிதம் சித்தியடைந்தார்கள். இரண்டு பேர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அதற்கு முன் ஒருவரும் போனதில்லை.

நான் திரும்பி வந்த அந்த வியாழன் இரவு, சாப்பிடும்போது அவர் கேட்டார்: "வழியில பிரச்சினை ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை," என்றேன்.

வேறு என்ன சொல்ல? சொல்லியிருந்தால் அந்த மனிதர் மறுபடி அந்தக் காரை ஓட்டியிருப்பாரா? ஒவ்வொரு காலையும் திறப்பைக் கையில் எடுக்கும்போது என்னத்தை நினைத்திருப்பார்? பற்றரி இல்லையே என்று கேட்டதற்கு, கடையில் போடவில்லை என்றேன். நம்பினாரோ, நம்பியதாகக் காட்டினாரோ. யுத்தம் முடிந்தது, அந்தக் காரையும் விற்றோம், அவர் ஓய்வும் பெற்றுவிட்டார். சொல்ல ஒரு நல்ல நாள் வரவேயில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை முதலில் பிரிப்பவர் அவர்தான். என் பத்தியை வாசித்து, எழுத்துப்பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் சுழித்துவைப்பார். ஆகவே, இதையும் இப்போது வாசித்துக்கொண்டிருப்பார்...

இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது. முதல்ல அதைக் குடியுங்கோ, பிறகு கதைப்பம்.